‘தேய்மானம்’ என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி இது: “எங்கள் பகுதியில் முதியவர்கள் அதிகம். மூட்டுத் தேய்மானம், மறதிநோய், நடுக்குவாதம் என்று பல வீடுகளில் யாராவது ஒருவர் அவதிப்படுகிறார். மாதம் ஒரு மருத்துவரை அழைத்துப் பேச வைக்கிறோம், துண்டுப்பிரசுரம் கொடுக்கிறோம். கூட்டம் வருகிறது, கைதட்டுகிறது, போய்விடுகிறது. யாரிடமும் மாற்றம் இல்லை. இந்த நோய்களைத் தடுக்கவும், வந்தவர்கள் சமாளிக்கவும் எதை, எப்படிச் சொல்லிக் கொடுப்பது?”

இருபது வருடத்துக்கு மேலாக பிசியோதெரபி வேலையில் இருக்கிறேன். நீங்கள் சொல்லும் அதே மாதிரிக் கூட்டங்களை நானும் நிறைய நடத்தியிருக்கிறேன். ஒருமுறை மூட்டுத் தேய்மானம் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். பெரிய திரை, எலும்பின் குறுக்குவெட்டுப் படம், எக்ஸ்ரே, எதிலும் குறை வைக்கவில்லை. முடிந்ததும் முன்வரிசையிலிருந்த ஓர் அம்மா எழுந்து, “எல்லாம் சரி தம்பி, இப்ப நான் நடக்கலாமா, கூடாதா?” என்று கேட்டார். அவருக்குத் தேவைப்பட்ட அந்த ஒன்றை மட்டும் நான் ஒரு மணி நேரத்தில் சொல்லவே இல்லை.

உங்கள் கூட்டத்திலும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். மருத்துவர் நோயைப் பற்றிப் பேசுகிறார். வந்தவர்களுக்கோ நாளைக் காலையில் என்ன செய்வது என்று தெரிய வேண்டும்.

முதலில் சொல்லைக் கவனியுங்கள். ‘தேய்மானம்’, ‘ஜவ்வு தேஞ்சு போச்சு’, ‘எலும்போட எலும்பு உரசுது’ என்றுதான் நாம் பேசுகிறோம். செருப்பு தேயும், டயர் தேயும். தேய்கிற பொருளை எடுத்து வைத்து, முடிந்த மட்டும் குறைவாகப் பயன்படுத்துவோம். முழங்காலையும் அப்படியே நடத்துகிறார்கள். நடையைக் குறைக்கிறார்கள், தொடைத் தசை மெலிகிறது, மூட்டுக்குத் தாங்கல் போய்விடுகிறது, வலி கூடுகிறது. வலி கூடியதும் ‘இன்னும் தேய்ந்துவிட்டது’ என்று நடையை இன்னும் குறைக்கிறார்கள். நோயோடு சேர்ந்து அந்தச் சொல்லும் ஆளை முடக்குகிறது.

உண்மையில் மூட்டு டயர் மாதிரி வேலை செய்வதில்லை. எலும்பு முனைகளை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்கு ஊட்டம் போக வேண்டும். எடை ஏறும்போது திரவம் பிழிந்து வெளியே போகும், எடை இறங்கும்போது உறிஞ்சப்பட்டு உள்ளே வரும். பாத்திரம் தேய்க்கும் பஞ்சை அமுக்கி விடுவது போலத்தான். கூட்டத்தில் ஈரப் பஞ்சு ஒன்றை நான் கையிலேயே வைத்திருப்பேன். அமுக்கி, விட்டு, மறுபடி அமுக்கிக் காட்டிவிட்டு, “நீங்க நடந்தாத்தான் இதுக்குச் சாப்பாடு” என்று சொன்னால் போதும். நான் திரையில் காட்டிய படங்கள் அத்தனையும் செய்யாததை அந்தப் பஞ்சு செய்தது.

கூடவே இதையும் சொல்லுங்கள்: எக்ஸ்ரேயில் தெரிவதற்கும் வலிக்கும் நேரடிக் கணக்கு இல்லை. படத்தில் மூட்டு மோசமாக இருந்தும் வலியில்லாமல் நடப்பவர்கள் உண்டு. படம் சுமாராக இருந்தும் வலியில் துடிப்பவர்களும் உண்டு. எக்ஸ்ரேயைத் தீர்ப்பு மாதிரி பையில் தூக்கிக்கொண்டு அலைபவர்களுக்கு இது பெரிய விடுதலை.

டென்மார்க்கில் 2013-இல் ‘கிளாட்’ என்ற பெயரில் முழங்கால், இடுப்பு மூட்டு நோயாளிகளுக்காக ஒரு திட்டம் தொடங்கினார்கள். விளக்க வகுப்பு இரண்டு மூன்றுதான். மீதியெல்லாம் வாரம் இருமுறை வீதம் ஆறு வாரத்துக்கு, பயிற்சி பெற்றவர் கண்ணெதிரே செய்யும் உடற்பயிற்சி. பின்னர் பல நாடுகளுக்கும் பரவியது. பேச்சுக்கும் செயலுக்கும் அவர்கள் வைத்த அந்த விகிதத்தை நீங்களும் எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய வலிக் கணக்கும் எடுத்துக்கொள்ளத் தக்கது. வலிக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொல்வார்கள். உடற்பயிற்சியின்போது ஐந்து வரை போனால் பயப்பட வேண்டாம், 24 மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையென்றால் அடுத்த முறை அளவைக் குறைக்க வேண்டுமே தவிர, நிறுத்திவிடக் கூடாது. ‘வலித்தால் நிறுத்து’ என்ற ஒற்றை வரியைக் கேட்டே வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தி.

உடல் எடையைப் பற்றிப் பேசும்போது ‘எடையைக் குறையுங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாதீர்கள், அது அவர்களுக்கே தெரியும். 2005-இல் வெளியான ஓர் ஆய்வில், அதிக எடையுள்ள மூட்டுநோயாளிகள் ஒரு கிலோ குறைத்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என்று கண்டார்கள். ஐந்து கிலோ குறைத்தால் அடிக்கு இருபது. ஒரு நாளைக்கு எத்தனை அடி வைக்கிறோம் என்று அவர்களையே கணக்குப் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது நாற்காலி. ஒரு சாதாரண நாற்காலியில் உட்கார வைத்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ண வேண்டும். முதியோர் மருத்துவத்தில் உலகெங்கும் பயன்படும் சோதனை இது. கருவி எதுவும் தேவையில்லை. ஏழு முறை எழுந்தவர் ஆறு வாரம் கழித்துப் பத்து முறை எழுந்தால், அவருக்கு நீங்கள் வேறு எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை. ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முதல் நாள் எல்லோரும் முழங்காலை உள்ளே சாய்த்து, உடம்பைத் தூக்கி எறிவது போல எழுவார்கள், பொத்தென்று விழுந்து உட்காருவார்கள். பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மூக்கை முழங்காலுக்கு மேலே கொண்டுவந்து, பிறகு எழச் சொல்லுங்கள். “அட, சுலபமா இருக்கே!” என்பார்கள். உட்காரும்போது மனதுக்குள் மூன்று வரை எண்ணச் சொல்லுங்கள். தொடைத் தசை வலுப்பெற அந்த மெதுவான இறக்கமும் நன்றாக உதவும்.

ஆனால் உத்தி தெரிந்தால் மட்டும் போதாது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கேட் லோரிக் என்பவர் 1970-களின் இறுதியில் மூட்டுநோயாளிகளுக்கான சுயமேலாண்மை வகுப்புகளைத் தொடங்கினார். வந்தவர்களுக்கு வலி குறைந்தது. எவ்வளவு உடற்பயிற்சி செய்தார்கள் என்பதை வைத்து அதை விளக்கப் பார்த்தார்கள், கணக்கு சரியாக வரவில்லை. ‘இந்த வலியை என்னால் சமாளிக்க முடியும்’ என்ற நம்பிக்கை யாருக்குக் கூடியதோ அவர்களிடம்தான் முன்னேற்றம் அதிகம் தெரிந்தது. அதன் பிறகு வந்த நீண்டகால நோய்களுக்கான வகுப்பை அந்த நம்பிக்கையை வளர்க்கும் விதத்திலேயே அமைத்தார்கள். வாரம் ஒருமுறை, இரண்டரை மணி நேரம், ஆறு வாரம். நடத்துபவர்கள் இருவர். அதில் ஒருவராவது தானே நீண்டகால நோயோடு வாழ்பவர், மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. ‘எனக்கும் இதே வலிதான், நான் இப்படிச் செய்கிறேன்’ என்று அவர் சொல்வதைக் கேட்கிற முகமும், நான் சொல்வதைக் கேட்கிற முகமும் ஒன்றாக இருப்பதில்லை. எனக்கு முதலில் இது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

அந்த வகுப்பின் முதுகெலும்பு, ஒவ்வொருவரும் போடும் ஒரு வாரத் திட்டம். “இனிமேல் தினமும் நடப்பேன்” என்றால் அதை ஏற்க மாட்டார்கள். எவ்வளவு தூரம், எப்போது, வாரத்தில் எத்தனை நாள்? “காலையில் பத்து நிமிடம், வாரம் நான்கு நாள்.” சரி, இதைச் செய்து முடிப்பேன் என்ற உறுதி பத்துக்கு எத்தனை? “ஐந்து.” ஐந்து போதாது, குறைந்தது ஏழு வேண்டும். எது தடுக்கும்? “மழை வந்தால் போக முடியாது.” மழை வந்தால் வீட்டுக்குள்ளேயே நடக்கலாமா? “அப்படின்னா எட்டு.” அடுத்த வாரம் முதல் வேலை, திட்டம் என்னவாயிற்று என்று கேட்பது. செய்யாதவரைக் கடிந்துகொள்வதில்லை, எது குறுக்கே வந்தது என்று கூட்டமே சேர்ந்து யோசிக்கும். உங்கள் மாதக் கூட்டத்தில் இது நடக்காததற்குக் காரணம் எளிது: முப்பது நாள் இடைவெளியில் யாரும் யாரையும் கேட்பதில்லை. வருடத்துக்குப் பன்னிரண்டு பெரிய கூட்டங்களை விட, பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு குழுவுக்கு ஆறு வாரம் தொடர்ந்து நடத்துவது மேல் என்பது என் கருத்து.

அப்புறம், தடுப்பையும் சமாளிப்பையும் ஒரே கூட்டத்தில் கலக்காதீர்கள். இந்தத் தவறு கிட்டத்தட்ட எல்லோரும் செய்வது. எழுபது வயதில், ஏற்கெனவே நோயோடு இருப்பவரிடம் ‘இளமையிலேயே கவனித்திருந்தால்’ என்று பேசுவது புண்ணில் கோல் கொண்டு குத்துவது. அந்தப் பேச்சு அவருடைய நாற்பது வயது மகனுக்கும் மகளுக்கும் உரியது, அவர்களோ கூட்டத்துக்கு வருவதேயில்லை. எலும்பின் அடர்த்தி ஏறத்தாழ முப்பது வயதில் உச்சத்தைத் தொடுகிறது, அதன் பின் படிப்படியாகச் சரிவு. நடுவயதில் கவனிக்காமல் விட்ட ரத்த அழுத்தம் பிற்காலத்தில் மறதிநோயின் அபாயத்தைக் கூட்டுகிறது. ஆக, தடுப்புக்கான பேச்சை அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள்தான் எடுத்துப்போக வேண்டும்.

இதற்கு லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த முடிதிருத்தும் கடை ஆய்வை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. 2018-இல் வெளியானது. 52 கடைகள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் வராத 319 கறுப்பின ஆண்கள். ஒரு பிரிவில் கடைக்காரரே வாடிக்கையாளரிடம் வாழ்க்கைமுறை பற்றிப் பேசி, மருத்துவரைப் பார்க்கும்படி ஊக்குவித்தார். இன்னொரு பிரிவில் மருந்தாளுநர் கடைக்கே வந்து, அழுத்தத்தைப் பார்த்து, மருத்துவரின் ஒப்புதலோடு மருந்தையும் கொடுத்தார். ஆறு மாதத்தில் முதல் பிரிவில் மேல் எண் சராசரியாக 9 புள்ளி குறைந்தது, இரண்டாம் பிரிவில் 27 புள்ளி. பழகிய இடத்தில், பழகிய ஆள் வாயிலாகச் சொன்னால் காதில் ஏறும் என்பது ஒன்று. பேச்சோடு சிகிச்சையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால்தான் பெரிய பலன் என்பது இன்னொன்று. விழிப்புணர்வு மட்டும் ஊட்டிவிட்டு, ‘போய் டாக்டரைப் பாருங்கள்’ என்று அனுப்பிவைக்கும் கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை குறைந்ததற்கு இந்த 9-க்கும் 27-க்கும் இடைப்பட்ட தூரம்தான் காரணம்.

வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பதையும் செய்துகாட்டிக் கற்றுக்கொடுங்கள். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, இரு பாதமும் தரையில் பட, கால்மேல் கால் போடாமல், பட்டையைச் சட்டைக்கு மேல் கட்டாமல், கையை நெஞ்சு உயரத்தில் வைத்து, பேசாமல் பார்க்க வேண்டும். படியேறி வந்த மூச்சோடு, பேசிக்கொண்டே எடுக்கும் எண்ணை நம்பிப் பலர் வீணாகப் பயப்படுகிறார்கள்.

மறதிநோய்க்கு, அதாவது டிமென்ஷியாவுக்கு, வருவோம். இங்கே நாம் சொல்லும் இரண்டு வாக்கியங்கள் இரண்டு எதிர்த் திசைகளில் கெடுதல் செய்கின்றன. ஒன்று, ‘வயசானா அப்படித்தான்’. இன்னொன்று, ‘மூளையைப் பயன்படுத்தினால் வராது’. முதலாவதை நம்புபவர்கள் பரிசோதனைக்குப் போவதில்லை. தைராய்டு குறைபாடு, பி12 பற்றாக்குறை, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் மறதியைத் தரும் என்பது அவர்களுக்குத் தெரிவதேயில்லை. இரண்டாவதை நம்புபவர்கள், நோய் வந்துவிட்டால் வந்தவரைக் குற்றவாளி ஆக்குகிறார்கள்.

‘லான்செட்’ மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைச் சொல்கிறது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், புகை, கொழுப்பு, உடலுழைப்பின்மை, தனிமை இவற்றோடு காது மந்தம், கண்பார்வைக் குறைவு, தலையில் அடிபடுதல், காற்று மாசு, குறைந்த பள்ளிப் படிப்பு ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. இவை எல்லாவற்றையும் ஒழித்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு. மேடையில் இந்த எண்ணைச் சொல்லும்போது கவனம் தேவை. இது மொத்த மக்கள்தொகைக்கான கணக்கு. காற்று மாசையும் பள்ளிப் படிப்பையும் தனி ஒருவர் மாற்றிவிட முடியாது. ‘உங்களுக்கு 45 சதவீதம் குறையும்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது.

அந்தப் பட்டியலில் நான் கூட்டங்களில் அழுத்திப் பேசுவது காதைப் பற்றி. கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார், ஒதுங்கியவரிடம் வீட்டில் பேசுவது குறைகிறது. ‘நான் சொன்னதை மறந்துட்டார்’ என்று புகார் வரும். அவர் மறக்கவில்லை, அது அவர் காதிலேயே விழவில்லை. காதுக் கருவி அறிவாற்றல் சரிவை, அதாவது நினைவும் சிந்தனையும் மங்குவதை, மெதுவாக்குமா என்று 2023-இல் வெளியான ஒரு மூன்றாண்டு ஆய்வு பார்த்தது. மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. ஏற்கெனவே அபாயம் அதிகமிருந்த முதியவர்களிடம் மட்டும் அறிவாற்றல் சரிவு 48 சதவீதம் மெதுவானது. மறதிநோயைத் தடுக்கிறதோ இல்லையோ, பேரப்பிள்ளை பேசுவது காதில் விழுவதே கருவி வாங்கப் போதுமான காரணம்.

நடுக்குவாதத்தை, அதாவது பார்க்கின்சன் நோயை, வராமல் தடுக்கும் உறுதியான வழி இன்றைக்கு இல்லை. ஆகவே இங்கே கல்வி முழுக்க முழுக்கச் சமாளிப்பதற்குத்தான், அதிலும் குடும்பத்தாருக்கு. முகத் தசை இறுகிப்போவதால் முகத்தில் உணர்ச்சி தெரியாது. ‘எந்நேரமும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கார்’ என்று வீட்டில் சண்டையே நடக்கும். குரல் தேய்ந்து முணுமுணுப்பாகும், பேசுபவருக்குத் தான் சத்தமாகப் பேசுவதாகவே தோன்றும். இந்த நோய்க்குத் தரும் லெவோடோபா மாத்திரையை மருத்துவர் சொன்ன நேரத்துக்குத் தவறாமல் கொடுக்க வேண்டும், திடீரென்று நிறுத்தவே கூடாது. புரதம் மிகுந்த உணவு சிலருக்கு அந்த மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் இரண்டுக்கும் இடைவெளி விடுவதைப் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

நடந்துகொண்டிருக்கும்போதே கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவது இன்னொரு தொல்லை. வாசற்படியிலும், திரும்பும் இடத்திலும் இது அதிகம். பதறிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தால் விழுந்துவிடுவார். இழுக்காமல், அவருடைய காலுக்கு முன்னால் உங்கள் பாதத்தைக் குறுக்கே வைத்து, ‘இதைத் தாண்டுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். பல பேருக்குக் கால் சட்டென்று எழும்பும். தரையில் ஒட்டிய வண்ணப் பட்டை, ‘ஒண்ணு, ரெண்டு’ என்ற எண்ணிக்கை, தாளமுள்ள பாட்டு, இவையும் உதவும். கணவர் வாசலில் உறைந்து நிற்கிறார் என்று ஆறு மாதமாகத் தவித்த ஒரு பெண்மணி, தரையில் நான்கு பட்டை ஒட்டியதும் அவர் கடந்து போனதைப் பார்த்து அழுதே விட்டார். எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் அவருக்கு இது கிடைத்திருக்கவில்லை.

பராமரிப்பவர்களுக்கு நோயாளி இல்லாத தனி வகுப்பு வையுங்கள். அவர் முன்னால் பேச முடியாதவை நிறைய இருக்கும்.

எதைச் சொன்னாலும் முடிவில் ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். ‘நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்கிறேன், வீட்டில் கேட்டால் நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேளுங்கள். தப்பாகச் சொன்னால் நீங்கள் சொல்லிக்கொடுத்த விதத்தில் குறை. மறுபடி வேறு விதமாகச் சொல்லுங்கள்.

அப்புறம், ‘ஒரே மாதத்தில் குருத்தெலும்பு வளரும்’, ‘மறதிநோய்க்கு நிரந்தரத் தீர்வு’ வகை வாட்ஸ்அப் செய்திகள். கூட்டத்தில் யாராவது கட்டாயம் எடுத்துக்காட்டுவார்கள். கேலி செய்யாதீர்கள், கேலி செய்தால் அடுத்த முறை உங்களிடம் காட்டாமல் வாங்கிச் சாப்பிடுவார்கள். நடந்துகொண்டிருக்கும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறதா, பணம் கேட்கிறதா என்ற இரண்டு கேள்விகளை மட்டும் அவர்களையே கேட்டுப்பார்க்கச் சொல்லுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளை ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரு நிமிடம் சொல்லிவிடுங்கள். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு சிவந்து வீங்கிய மூட்டு, முதுகுவலியோடு சிறுநீர் மலத்தில் கட்டுப்பாடு போவது, ஒன்றிரண்டு நாளில் திடீரென்று வந்த குழப்பம். இவற்றுக்கு வகுப்பு மருந்தல்ல, உடனே மருத்துவமனை.

எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கை விட்டுவிடுங்கள். வந்தவரின் நாற்காலி எண்ணிக்கை, கடந்த மூன்று மாதத்தில் எத்தனை முறை விழுந்தார், ரத்த அழுத்தம், போட்ட வாரத் திட்டத்தில் எவ்வளவு நடந்தது, இந்த நான்கையும் ஒரு நோட்டில் எழுதி ஆறு மாதம் கழித்துப் பாருங்கள். நியூசிலாந்தில் உருவான ஒடாகோ என்ற வீட்டு உடற்பயிற்சித் திட்டம், கால் வலுவையும் சமநிலையையும் கூட்டி, முதியவர்கள் விழுவதை ஏறத்தாழ 35 சதவீதம் குறைத்தது. உங்கள் குழுவில் அவ்வளவு வராமல் போகலாம். பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் விழாமல் இருந்தாலும் நோட்டில் தெரிந்துவிடும்.

முதல் கூட்டத்துக்குப் பேச்சாளரை அழைக்காதீர்கள். ஓர் ஈரப் பஞ்சு, நொடி காட்டும் கடிகாரம், ஒரு நோட்டு, கைப்பிடி இல்லாத பத்து நாற்காலிகள் போதும். நாற்காலிகளைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். நடுக்கூடத்தில் போட்டால் எழும்போது பின்னால் நகர்ந்துவிடும்.